நாலாவது டின்

குமுதாவின் துணிப்பை வாசலில் இருந்தது. பெர்த்தாம் பள்ளத்தாக்கிலிருந்து அவள் அப்பாவின் காய்கறி லோரி மேலேறி வந்ததும் போய்விடுவாள், ஏழு மாத வயிற்றோடு.

லயத்து வீட்டின் சமையல்கட்டில் மாமியார் திலகம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நேற்றுத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள். தேயிலை மலையில் வாந்தியெடுத்து விழுந்தவளிடம் தாதி என்ன சாப்பிட்டாய் என்று கேட்க, மூன்று நாள் பழசு என்று உண்மையைச் சொல்லிவிட்டாள். துணைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுக் காளியம்மா அதை லயம் முழுக்கப் பரப்பினாள். மருமகள் மாமியாருக்கு ஊசினதைப் போடுகிறாளாம்.

மகன் சசிதரனும் நம்பினான்.

"எங்கம்மா என்ன நாயா, மிச்சத்த வைக்கிற?" என்று நேற்று அவன் குமுதாவிடம் கேட்டான். விடிந்ததும் அவள் அப்பாவை வரச் சொல்லிவிட்டுப் பையைக் கட்டினாள்.

போவதற்கு முன் சமைத்து வைத்துவிட்டுப் போகலாம் என்று இப்போது பால் டின்னால் அரிசி அளந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு...

திலகத்துக்குத் தாங்கவில்லை. "மூணு பேருக்கே ரெண்டு டின்னு போதுமே, எதுக்கும்மா நாலு?"

குமுதா திரும்பினாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

"உங்களுக்குத்தான் அத்தை. காலையில பார்த்தா சட்டி தொடச்சு வச்ச மாதிரி இருக்கு. அத்தைக்குப் பத்தல போலன்னு ரெண்ட மூணாக்கினேன். அப்பவும் காலி... அதான் நாலு. இதுக்கு மேல நான் என்ன செய்யணும்?"

திலகம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு அடுப்புக்கு அடியில் கையை விட்டு, மூடிய சின்னத் தூக்குச்சட்டி ஒன்றை இழுத்தாள். திறந்ததும் புளித்த வாடை குப்பென்று எழுந்தது. சோறும் கோஸும் பருப்பும் ஒன்றாய்க் குழைந்திருந்தன. ஐஸ்பெட்டியில் வைத்தால் மருமகள் கண்ணில் படும். மலைக்குளிரில் எதுவும் கெடாது என்று நம்பி இங்கே வைத்தது.

"சசி, இங்க வா. இவ போடலடா. மிஞ்சினத நான்தான் ஒளிச்சு வச்சுத் தின்னேன். புள்ளத்தாச்சி ஆசையா ஆக்குறா, மிஞ்சுதுன்னு சொன்னா மனசு நோகும். லோங்காங்கு சாக்கடையில கொட்டவும் கை வரல. நாளுக்கு நாள் கூடிக்கிட்டே வந்துச்சு..."

சசிதரன் தூக்கைப் பார்த்தான். மனைவியின் முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா அத்தை."

"சொல்லியிருக்கணும். அந்த காளியம்மாகிட்டயும் இன்னிக்கே சொல்றேன். நீ போயிராதம்மா."

கீழே ரோட்டில் லோரியின் ஹாரன் கேட்டது.

குமுதா கணவனிடம் சொன்னாள்: "அப்பாகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க, நான் வரலன்னு. ஏன் வரச் சொன்னேன்னும் சொல்லுங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கிப் போனான்.

திலகத்தின் கை பழக்கத்தில் தூக்கின் மூடியைத் தேடியது. குமுதா மெல்ல அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, அவளருகே சிரமப்பட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அழுதார்கள். பிறகு குமுதா பால் டின்னை எடுத்து, அளந்த அரிசியில் இரண்டு டின்னைத் திரும்ப மூட்டையில் கொட்டினாள்.