காய்ந்த தரை

துடைத்த தரையில் மறுபடியும் தூசி படிந்திருந்தது. துணியைப் பிழிந்து உதறிவிட்டு அவள் திரும்புவதற்குள், புதிதாக ஓடு பதித்த அந்தச் சமையலறையில், சுவர் முதல் சுவர் வரை, சலித்த மாவைப்போல ஒரு வெண்படலம். அதன் நடுவே ஒரு குழந்தையின் உள்ளங்கைத் தடம்.

குழந்தை வீட்டில் இல்லை. தரைவேலை முடியும்வரை தங்கை வீட்டில் இருக்கட்டும் என்று அவள்தான் அனுப்பியிருந்தாள்.

குழாய் கசிந்து பழைய தரை உப்பிப் பெயர்ந்தபோது, தரை ஓடு விற்கும் கடைக்காரர் அதில் ஒரு துண்டைப் பார்த்ததுமே முகம் சுளித்தார். "பழைய சரக்கும்மா. ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தாலும் இருக்கும். அந்தத் தூசி நெஞ்சுக்குள்ள போனா வெளிய வராது. சோதனைக்குக் கொடுங்க. அதுவரைக்கும் உடைக்காதீங்க, காயவும் விடாதீங்க."

கணவன் சிரித்தான். "புதுசு விக்கிறவன் பயம் காட்டத்தான் செய்வான். நீயும் வாயைப் பிளந்து கேட்டுட்டு வந்திருக்க!"

அந்த வீட்டில் உழைப்பவள் அவள், தீர்ப்பெழுதுபவன் அவன். ஈரமே எதிரி என்றான். இரவும் பகலும் மின்விசிறியைச் சுழலவிட்டுத் தரையைச் சருகாகக் காயவைத்தான். அத்தனை நாளும் தூசியைக் கட்டிப்போட்டிருந்த காவல் அந்த ஈரம்தான் என்று அவள் சொன்னாள். பழைய தரையைத் தூளாக்கிய அவன் சுத்தியல் பதில் சொன்னது. அவள் வாயை மூடிக்கொண்டாள். அந்த ஊமைத்தனத்துக்குத்தானே உலகம் குடும்ப அமைதி என்று பெயர் சூட்டியிருக்கிறது!

இப்போது, மாலை வெயில் சன்னல்வழி சாய்ந்து விழ, சுண்ணாம்பும் பழம்பசையும் கலந்த வாடை மெல்ல எழ, பளபளக்கும் ஓடுகளுக்கு அடியிலிருந்து, முழங்கால் தேய்த்துத் தவழ்வதுபோல ஓர் ஓசை கேட்டது.

பிறகு ஓர் இருமல். சின்ன இருமல்.

"இங்க கொஞ்சம் வாங்களேன்!"

அவன் வாசற்படியில் நின்றே எட்டிப் பார்த்தான். "வெள்ளை சிமெண்ட் தூள்டி. பாப்பாவைக் கொண்டாரச் சொல்லிட்டேன். உன் தங்கச்சி வந்துட்டிருக்கா."

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"என் பிள்ளை என் வீட்டுக்கு வர உனக்கு மனு போடணுமோ?"

அவள் வாளி நீரைத் தரையில் கவிழ்த்தாள். ஓடுகளின் இடுக்குகள் அதை உறிஞ்சின. மறு வாளி. அதையும் உறிஞ்சின. தரை காய்ந்தே கிடந்தது. தடங்கள் பெருகின. ஒன்றன்முன் ஒன்றாக. கூடத்தை நோக்கி.

கூடத்தில் தங்கையின் குரல். "அக்கா, இந்தா உன் வாலு. வழியெல்லாம் ஒரே ஆட்டம்!" குழந்தையை இறக்கிவிட்டாள்.

"இறக்காதே! தூக்குடி!"

அதற்குள் குழந்தை சமையலறைக்குள் தவழ்ந்துவிட்டது. தூசியில் இருந்த தடத்தின்மேல் கை வைத்தது. பொருந்தியது. அடுத்த தடம். அதுவும்.

"எதுக்கு இப்படிக் கத்துற? ஒரே புழுக்கம்," என்றபடி கணவன் மின்விசிறியைப் போட்டான்.

தூசி எழுந்தது. கலையவில்லை. குழந்தையின் உயரத்துக்குத் திரண்டு நின்றது. வாய் இருந்த இடத்தில் ஒரு பள்ளம்.

குழந்தை இருமியது. பள்ளமும் இருமியது.

பின், இரண்டும் அம்மாவைப் பார்த்து, ஒருசேர, தூக்கச் சொல்லிக் கைகளை நீட்டின.