சித்தியின் படகும் என் சந்தேக நோட்டும்

யாரையும் சட்டென்று நம்புவது எனக்குப் பழக்கமில்லை. "பால் தீர்ந்துபோச்சு" என்று அண்ணன் சொன்னால், நான் முதலில் பார்ப்பது அவனுடைய மேலுதட்டைத்தான். இப்படித் துப்பறிந்துகொண்டே திரிவதால் வீட்டில் எனக்குத் 'துப்பு' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

என்னிடம் ஒரு சந்தேக நோட்டு உண்டு. யார் மேல் என்ன சந்தேகம், எந்தத் தேதி, எத்தனை மணி என்று எல்லாம் அதில் இருக்கும். பாதி நோட்டு முழுக்க அண்ணன்தான்.

மீதிப் பாதியில் இருப்பது எங்கள் சித்தியின் கேஸ்.

சித்தி அம்மாவின் தங்கை. எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. மாலையில் ஏரியில் படகு ஓட்டுவாள். சும்மா பொழுதுபோக்கு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே ஆள், இரண்டு துடுப்பு, இரண்டு கிலோமீட்டர் பந்தயம். லைட்வெயிட் பிரிவில் சித்தி மூன்று முறை சாம்பியன்!

லைட்வெயிட் என்றால் எடை குறைந்தவர்களுக்கான பந்தயம். போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்னால் எடை மெஷினில் ஏறி நிற்க வேண்டும். ஐம்பத்தொன்பது கிலோவுக்கு மேல் ஒரு துளி கூடினாலும் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

சித்தி பத்தொன்பது வயதில் முதன்முதலாகப் படகு ஷெட்டுக்குப் போனபோது, "காத்தடிச்சா நீ பறந்துடுவ. படகு மட்டும்தான் கரைக்குத் திரும்பும்" என்று எல்லாரும் சிரித்தார்களாம். முதல் பந்தயத்தில் சித்தி கடைசி. இரண்டாவதில் கடைசிக்கு முந்தின இடம். அதுவும் கடைசி ஆள் கவிழ்ந்துவிட்டதால் கிடைத்தது. ஐந்தாவது வருடம் சாம்பியன்! அதற்குப் பிறகு இன்னும் இரண்டு தடவை. அந்த மூன்று பதக்கங்களில் ஒன்றின் நாடாவால்தான் எங்கள் வீட்டு ஜன்னலைக் காற்றில் அடிக்காமல் இருக்க இழுத்துக் கட்டியிருக்கிறோம்.

இப்போது சித்திக்கு முப்பத்திரண்டு வயது. ஞாயிற்றுக்கிழமை தேர்வுப் பந்தயம். அதில் ஜெயிக்கும் ஒரே ஒருவர்தான் பெரிய போட்டிக்குப் போக முடியும்.

"இந்தத் தடவை போகலைன்னா துடுப்பைச் சுவத்துல மாட்டிட வேண்டியதுதான்" என்று சித்தி அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன். கதவுக்குப் பின்னால் நின்றுதான் கேட்டேன். ஆனால் கேட்டது உண்மை.

பள்ளி விட்டதும் நான் சித்தியோடு ஷெட்டுக்குப் போய்விடுவேன். பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். அப்படியே எல்லாரையும் கவனிப்பேன்.

அங்கே எனக்கு அறவே பிடிக்காத ஆள் ஒருத்தி உண்டு. பெயரெல்லாம் எதற்கு, குதிரைவால் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உச்சந்தலையில் தூக்கிக் கட்டிய முடி. இருபது வயது. அவளும் லைட்வெயிட்தான், அவளும் அதே தேர்வுப் பந்தயத்தில்தான். எப்போது பார்த்தாலும் சிரிப்பாள். காரணம் இல்லாமல் சிரிப்பவர்களை நான் நம்புவதே இல்லை.

தேர்வுப் பந்தயத்துக்குப் பத்து நாள் முன்னால், ஒரு வியாழக்கிழமை பயிற்சி முடிந்தது. சித்தி உடை மாற்றப் போயிருந்தாள். குதிரைவால் மெதுவாகச் சித்தியின் படகு அருகே வந்தாள். படகு இரும்புத் தாங்கியில் கவிழ்ந்து கிடந்தது. அவள் குனிந்து, அடியில் கையை விட்டு எதையோ திருகினாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள்.

ஓடிப்போய்ப் பார்த்தேன்.

பந்தயப் படகின் இரண்டு முனைகளிலும் காற்று அடைத்த அறைகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் உள்ளங்கை அளவில் வட்டமாக ஒரு மூடி. "அந்த அறைக்குள்ள தண்ணி போச்சுன்னா படகு அம்பேல்" என்று ரிப்பேர் மாமா ஒருமுறை சொல்லியிருக்கிறார். ஷெட்டில் படகுகளைப் பழுது பார்ப்பவர் அவர்.

இரண்டு மூடிகளும் திறந்து கிடந்தன!

'அடிப்பாவி!' என்று நினைத்துக்கொண்டு இரண்டையும் இறுக்கமாக மூடினேன். நோட்டில் இப்படி எழுதினேன்: "குதிரைவால். மூடியைத் திறந்தாள். சிரிப்பு சரியில்லை. ஜாக்கிரதை."

யாரிடமும் சொல்லவில்லை. ஆதாரம் போதாதே. அவள் தினமும் திறந்தாள். அவள் போனதும் நான் தினமும் மூடினேன். சித்தியின் படகை நான்தான் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு ஒரே பெருமை.

ஆனால் சித்தியின் வேகம் குறைய ஆரம்பித்தது.

முதலில் ஒரு வினாடி. பிறகு இரண்டு. அடுத்த வாரம் ஐந்து வினாடி தாமதம். கோச் கையிலிருந்த ஸ்டாப் வாட்ச்சைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார்.

"வாட்ச் நல்லாத்தான் ஓடுது. நீதான் ஓடல. உண்மையைச் சொல்லு, திருட்டுத்தனமா என்ன சாப்பிடற?"

"ஒண்ணும் இல்ல சார்."

"ஏறு மெஷின்ல."

சித்தி ஏறினாள். ஐம்பத்தெட்டு புள்ளி எட்டு. சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் கோச் மெஷினைச் சுற்றி வந்து, குனிந்து, அடியில் ஏதாவது முட்டுக் கொடுத்திருக்கிறதா என்று பார்த்தார். இந்த ஒரு விஷயத்தில் கோச்சும் என் கட்சி.

அன்றிலிருந்து எல்லாருக்கும் சித்தி மேல்தான் கண். பிஸ்கட் டப்பா ஏன் காலி என்று அம்மா கேட்டாள். (அண்ணன்தான். பக்கம் பதினேழு.) "கடையில டீயோட வடை கிடை எதுவும் உள்ள தள்ளறியா?" என்று அப்பா விளையாட்டாகக் கேட்டார். சித்தி சிரிக்கவில்லை.

அவள் தட்டில் பாதியை ஒதுக்கினாள். பிறகு முக்கால்வாசியை ஒதுக்கினாள். எடை குறைந்தது, வேகமும் இன்னும் குறைந்தது.

வெள்ளிக்கிழமை உடை மாற்றும் அறை பெஞ்சில் சித்தி தனியாக உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையில் இருந்த காய்ப்புகளைத் தடவிக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"அழுதியா சித்தி?"

"தூசி."

"ரெண்டு கண்ணுலயுமா?"

சித்தி என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "எனக்கு வயசாயிடுச்சு போல துப்பு. படகைத் தூக்கினாலே தலை மேல மலையைத் தூக்கி வெச்ச மாதிரி இருக்கு. முன்னெல்லாம் ஒரே மூச்சுல தூக்கிடுவேன்."

என் சித்திக்காவது, வயசாவதாவது! இதில் ஏதோ இருக்கிறது. நான் நோட்டை எடுத்து, "படகு ஏன் மலை?" என்று எழுதினேன்.

சனிக்கிழமை கடைசிப் பயிற்சி. ஏழு வினாடி தாமதம். கோச் மறுபடி மெஷினைக் காட்டினார். இந்தத் தடவை சரியாக ஐம்பத்தெட்டு கிலோ.

"இளைச்சுப் போயும் வேகம் வரலன்னா நான் என்ன செய்ய?" என்று கோச் கையை விரித்தார். குதிரைவால், ரிப்பேர் மாமா என்று எல்லாரும் தலையைக் குனிந்து நின்றார்கள்.

எனக்கு அடக்க முடியவில்லை.

"எல்லாரும் சித்தியவே எடை போடறீங்களே! படகை யாராச்சும் எடை போட்டீங்களா?"

ரிப்பேர் மாமா சிரித்துவிட்டார். "படகு என்னம்மா, கேக் சாப்பிடவா போகுது? அது பதினாலு கிலோ. வாங்கின அன்னிக்கு போட்டுப் பாத்ததுதான்."

"எப்போ வாங்கினீங்க?"

"ஆறு வருஷம் இருக்கும்."

"ஆறு வருஷம் பழைய பேச்சை நான் நம்ப மாட்டேன்" என்றேன்.

கோச் என்னை முறைத்தார். பிறகு தாடையைச் சொறிந்தார். "சரி, அதையும் பாத்துடுவோம்."

சித்தி படகைத் தலைமேல் தூக்கிக்கொண்டு மெஷினில் ஏறினாள். எட்டு மீட்டர் நீளப் படகு. முன்னால் நின்றவர்களும் பின்னால் நின்றவர்களும் குனிந்துகொண்டார்கள். கோச் மட்டும் குனிய மறந்து ஒரு இடி வாங்கினார்.

சித்தி ஐம்பத்தெட்டு, படகு பதினான்கு. மொத்தம் எழுபத்திரண்டு வர வேண்டும்.

மெஷின் எழுபத்தாறு புள்ளி ஆறு காட்டியது.

"நாலரை கிலோவுக்கு மேல அதிகம்!" என்று கத்தினேன். "கேக் சாப்பிட்டது படகுதான்!"

படகைத் தாங்கியில் கவிழ்த்து வைத்தார்கள். ரிப்பேர் மாமா மூடிகளைத் திருகித் திறந்தார். உள்ளேயிருந்து தண்ணீர் களகளவென்று கொட்டியது. அவருடைய செருப்பு நனைந்து, என் புத்தகப்பை நனைந்து, பெஞ்சுக்கு அடியில் ஓடியது.

"இவ்வளவு தண்ணி! ஆடற சத்தம் உனக்குக் கேக்கலையா?" என்றார் கோச்.

"ஏரியில தண்ணிச் சத்தம் கேக்காம வேற என்ன சார் கேக்கும்?" என்றாள் சித்தி.

குதிரைவால் வாயைப் பிளந்து நின்றாள். "எப்படி? நான் தினமும் மூடியைத் திறந்து வெச்சிட்டுத்தானே போறேன்!"

மாட்டினாள்! நான் நோட்டோடு பாய்ந்தேன். "ஒத்துக்கிட்டாங்க! பாத்தீங்களா, திறந்ததே இவங்கதான்! தேதி, நேரம் எல்லாம் எங்கிட்ட இருக்கு!"

யாரும் அதிர்ச்சி அடையவில்லை. ரிப்பேர் மாமா மட்டும் மெதுவாகச் சொன்னார்.

"திறந்துதாம்மா வெக்கணும். ஓட்டும்போது கொஞ்சம் தண்ணி உள்ள கசியும். கவிழ்த்துப் போட்டு மூடியைத் திறந்தா ராத்திரியோட ராத்திரியா வடிஞ்சிடும். மறுநாள் படகை இறக்கறதுக்கு முன்னாடி நான் மூடுவேன். எல்லாப் படகுக்கும் அதுதான் வழக்கம்."

"அக்காவுக்கு வேலையில நின்னு நின்னு முதுகு வலிக்குதேன்னு அவங்க படகையும் நானே துடைச்சுத் திறந்து வெச்சேன்" என்றாள் குதிரைவால்.

ரிப்பேர் மாமா சித்தியைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "ஆனா இந்தப் படகு மட்டும் நான் வரும்போதே மூடித்தான் இருந்துச்சு. நீங்கதான் மூடினீங்கன்னு நெனச்சேன். அப்போ மூடினது யாரு?"

சித்தி இல்லை என்று தலையாட்டினாள். குதிரைவாலும் இல்லை. கோச்சும் இல்லை.

என் காது சூடாகியது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. நான் மூடியதை ஒருவரும் பார்த்ததும் இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கேஸ் அப்படியே முடிந்துவிடும்.

ஆனால் சித்தி இன்னும் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது நாளாக அவள் தன்னையேதான் சந்தேகப்பட்டாள். தட்டில் அவள் ஒதுக்கிவைத்த சாப்பாடெல்லாம் என் கண்முன் வந்தது.

"நான்தான்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "நான்தான் சித்தி மூடினேன். தினமும். நல்லா இறுக்கி. இவங்க உன் படகைக் கெடுக்கறாங்கன்னு நெனச்சேன்."

அழுகை வந்துவிட்டது.

சித்தி தலையில் கையை வைத்துக்கொண்டாள். திட்டப்போகிறாள் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். ஆனால் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"அப்போ எனக்கு வயசாகலையா? ஏய் துப்பு! எனக்கு வயசாகலடீ!" என்று என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். "அந்த இறுக்கு இறுக்கியிருக்கியே, நீயும் துடுப்புப் போடலாம்."

ரிப்பேர் மாமா டார்ச் அடித்து, படகின் அடியில் முடி இழை போன்ற ஒரு விரிசலைக் கண்டுபிடித்து அடைத்தார். கோச் சித்தியிடம், "போ, போய் ஒழுங்காச் சாப்பிடு. என்மேலயும் தப்பு இருக்கு" என்றார். அவர் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதே இல்லையாம்.

எனக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. குதிரைவாலிடம் போய் நோட்டை நீட்டினேன்.

"சாரிக்கா. உங்க பக்கத்தை நீங்களே கிழிச்சிடுங்க."

அவள் வாசித்தாள். "சிரிப்பு சரியில்லையா?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "எனக்குக் கூச்சம். யாராவது பாத்தா என்ன பேசறதுன்னு தெரியாம சிரிச்சிடுவேன்." அவள் பக்கத்தைக் கிழிக்கவில்லை. கீழே, "விசாரணை முடிந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மெஷினில் சித்தியின் எடை ஐம்பத்தெட்டு புள்ளி ஒன்பது. கோச் பெருமூச்சு விட்டார்.

பந்தயத்தில் பாதித் தூரம் வரை குதிரைவால்தான் முன்னால். நான் நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தேன். கடைசி ஐந்நூறு மீட்டரில் சித்தியின் துடுப்புகள் தண்ணீரைத் தொடுவதும் தெரியவில்லை, எடுப்பதும் தெரியவில்லை. படகு மட்டும் சீறிக்கொண்டு வந்தது. "சித்தி! சித்தி!" என்று நான் போட்ட கூச்சலில் அண்ணன் காதைப் பொத்திக்கொண்டான்.

ஒரு முழம் வித்தியாசத்தில் சித்தி ஜெயித்தாள்!

தோற்ற குதிரைவால் தன் படகிலிருந்தே சித்தி மேல் தண்ணீரை வாரி இறைத்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

இப்போது பயிற்சி முடிந்ததும் எல்லாப் படகுகளின் மூடிகளையும் திறந்து வைப்பது என் வேலை. திறந்துவிட்டு, வாசல் வரை போய்விட்டு, திரும்பி வந்து இன்னொரு முறை பார்ப்பேன். என் மேல் எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை.