எடுத்துக் கொடுக்காத வசனம்

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஏழு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருமலைராயன்பட்டினத்துப் பழைய நாடகக் கொட்டகைக்குள் நுழைந்தேன். பள்ளிக்கு வெளியே ஒரு நிஜ மேடையில் ஏறி நடித்துப் பழகட்டும் என்று தலைமையாசிரியை அனுப்பியிருந்தார். வேறு இடம் பார்க்கலாம் என்று எவ்வளவோ சொன்னேன். காரணம் கேட்டார். கொட்டகை பழசு என்று மழுப்பினேன்.

உண்மைக் காரணம் இதுதான். எட்டு வருஷத்துக்கு முன்னால், 1977இல், பள்ளிகளுக்கான நாடகப் போட்டி இதே மேடையில் நடந்தது. என்னோடு படித்த அல்லி கதாநாயகி. இருதயமேரியாகிய நான், பக்கப் படுதாவுக்குப் பின்னால் நோட்டோடு நிற்பவள். யாராவது வசனம் மறந்தால் முதல் வார்த்தையை எடுத்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் என் வேலை. அந்த வேஷம் எனக்கு வந்திருக்க வேண்டியது என்று வயிறெரிந்துகொண்டு நின்றேன். கடைசிக் காட்சியில் அல்லிக்கு வசனம் மறந்துபோனது. என் பக்கம் திரும்பினாள். வசனம் என் விரலுக்கடியில் இருந்தது.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

கூட்டம் விசிலடித்துச் சிரித்தது. அல்லி பின்வாசல் வழியாகக் கடற்கரைப் பக்கம் ஓடினாள். மூன்றாம் நாள்தான் கரை ஒதுங்கினாள். "நான் எடுத்துக் குடுத்தேங்க, அவ காதுல விழல" என்று அவள் அம்மா ஞானசௌந்தரியிடம் சத்தியம் வேறு செய்தேன், பாவி.

இப்போது அதே மேடையில் மெஹர் பானு. நாடகம் வேறு, வசனமும் வேறு. படபடவென்று பேசிக்கொண்டிருந்தவள் நடுவில் நின்றுவிட்டாள்.

ஈர மணல் வாடை அடித்தது.

பானு மெல்லத் திரும்பி, நான் நின்ற படுதாவைப் பார்த்தாள்.

"மேரி... எடுத்துக் குடுடி."

அது பானுவின் குரலே இல்லை. என்னை மேரி என்று கூப்பிட்டவள் ஒருத்திதான்.

"டீச்சர், பானு மூச்சே விடல டீச்சர்!" என்று ஒரு பெண் அலறினாள். பானுவின் உதடு நீலம் பாரித்துக்கொண்டு வந்தது. ஐயோ, இன்னொரு பெண்ணையுமா? எட்டு வருஷமாக எனக்கு மறக்காத அந்த வார்த்தையைச் சொன்னேன்.

"கதவை..."

"கதவைத் திறம்மா, நான் வந்துட்டேன்" என்று முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் பானு சரிந்தாள். தண்ணீர் தெளித்ததும் எழுந்து உட்கார்ந்து, "என்னாச்சு டீச்சர்?" என்றாள். அப்போது மணி நாலு.

பிள்ளைகளை பஸ் ஏற்றிவிட்டு நேராக ஞானசௌந்தரி வீட்டுக்கு நடந்தேன். இன்றைக்காவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நான் தட்டுவதற்கு முன்பே கதவு திறந்து கிடந்தது.

"வாம்மா," என்றார். முகம் வெளுத்திருந்தது. "நாலு மணிக்கு யாரோ கூப்பிட்டாங்க. 'கதவைத் திறம்மா'ன்னு, எம்புள்ள கொரலு. தொறந்தா ஆளு இல்ல. இதப் பாரேன்."

வாசலிலிருந்து உள்ளறை வரைக்கும் ஈரக் காலடி. திரும்பி வந்த தடம் இல்லை.

பேச வாயெடுத்தேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததில் ஒரு வார்த்தைகூட நினைவில்லை. அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து, மெதுவாக, முதல் வார்த்தையை யாரோ எடுத்துக் கொடுத்தார்கள்.

"வேணும்னேதான்..."