ரூபனைத் தூக்கிய சொல்

"தூக்குங்கடா அவன!" என்று கஜேந்திரன் கத்தி வாயை மூடுவதற்குள், சுவரில் தொங்கிய காதுக்குமிழ் பச்சையாக மின்னிவிட்டது. போச்சு, கேட்டுக்கொண்டது.

கேரம் கிளப்பில் இருந்த அத்தனை பேரும் திரையை விட்டுவிட்டு அவனைப் பார்த்தார்கள். திரையில் இந்தியக் கோல்கீப்பர் லால்ரினா வலைக்குள் கிடந்த பந்தைக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தான். அந்தப் பந்தைக் காலில் வைத்துக் கோலம் போட்டு, வியட்நாம்காரனிடம் தாரை வார்த்தவன் ரூபன். இதே வியாசர்பாடி மண்ணில் பந்து உதைத்து வளர்ந்தவன். அது கிடக்கட்டும், கஜேந்திரனின் மனைவி ஃபுளோராவுக்குக் கூடப்பிறந்த தம்பி.

"கஜா, இன்னாடா சொல்லிட்ட? உன் மச்சினன்டா அவன்!" என்றான் டில்லிபாபு.

"மச்சினன்னா? கால் ஓஞ்சுபோச்சுடா அவனுக்கு. அவன் பந்தத் திருப்பறதுக்குள்ள எதிராளி டீ குட்ச்சிட்டு வந்துடறான்."

"அவன் தடுப்புல நிக்க வேண்டிய ஆளு. நடுவுல உட்டா அவன் இன்னா பண்ணுவான்?"

"தடுப்புல நின்னா மட்டும்? சொவரு மாதிரி நிப்பான். ஆனா சொவத்துக்கு ஓடத் தெரியாதே!"

வேறு எவன் கத்தியிருந்தாலும் குடி முழுகிப்போயிருக்காது. நாடு முழுக்க டீக்கடை, ரயில்பெட்டி, வீட்டுக் கூடம் என்று எங்கே பார்த்தாலும் காதுக்குமிழ்கள்தான். ரசிகர்கள் பேசுவதை எல்லாம் பிடித்து ஊர்ச்செவிக்கு அனுப்புவது அவற்றின் வேலை. ஊர்ச்செவி என்பது தேசியக் கழகம் கட்டி வைத்திருக்கும் பெரிய எந்திரம். யார் எந்த இடத்தில் ஆடுவது, யார் வெளியே இருப்பது என்று அடுத்த ஆட்டத்துக்கு வியூகம் வகுப்பது அதுதான். பயிற்சியாளர் என்று ஒருவர் இருந்தார், அதில் கையெழுத்துப் போட.

எல்லா வாயும் ஒரே வாய் இல்லை என்பதுதான் அதன் சூட்சுமம். ஒருவன் சொன்னது களத்தில் பலித்தால் அவனுடைய நாவெடை கூடும், பொய்த்தால் இறங்கும். ஏசி மெக்கானிக் கஜேந்திரனுக்குச் சின்ன வயதிலிருந்தே கருநாக்கு. சொன்னதெல்லாம் பலித்துத் தொலைத்தது. இப்போது தேசத்திலேயே கனமான நாக்கு அவனுடையது. அவன் ஒரு வார்த்தை சொன்னால் வேலூர் மொத்தமும் எழுந்து நின்று சொன்ன மாதிரி. மாற்றிச் சொல்லவும் வழியில்லை. மாற்றினால் புரட்டுநா என்று எடை பாதியாகும், முதலில் சொன்னது முழு எடையோடு அப்படியே நிற்கும்.

"யாரும் ஃபுளோராகிட்ட மூச்சு உடக்கூடாது" என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பினான். எல்லோரும் கர்த்தர் மேலும் கங்கையம்மன் மேலும் சத்தியம் செய்தார்கள்.

ஃபுளோரா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவள். வேலை முடிந்து வந்தவள் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

"ஊரே 'தூக்கு தூக்கு'ன்னு கத்துதாம்யா. ஒருத்தன் ஆரம்பிச்சானாம், மத்ததெல்லாம் பின்னாடியே ஊளை உடுது. இந்த வாட்டி வெளிய போனான்னா அவன் திரும்பி உள்ள வர மாட்டான். முப்பத்திரண்டு வயசு. பந்த உட்டா அவனுக்கு வேற இன்னா தெரியும்?"

"பாக்கலாம்மே. ஊர்ச்செவிக்கு நல்லது கெட்டது தெரியாதா?"

"அந்த நாதாரி மட்டும் என் கைல கெடைக்கட்டும். கிரேன்ல மாட்டி, கப்பலுக்கும் கரைக்கும் நடுவுல எறக்கிடறேன்."

கஜேந்திரனுக்குப் புரையேறியது. அவளே தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள். நல்லவள், பாவம், யார் தலையில் தட்டுகிறோம் என்று தெரியாமல் தட்டுகிறாளே என்று அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து வியூகம் வெளியானது. ஃபுளோரா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, "நீயே பாத்துச் சொல்லு, எனக்குத் தெம்பு இல்ல" என்றாள். கஜேந்திரன் தடுப்பு வரிசையில் தேடினான். ரூபன் இல்லை. நடுக்களத்தில் தேடினான், அங்கேயும் இல்லை. மேலே தள்ளினான். எல்லோருக்கும் முன்னால், கோல் போடுகிறவன் நிற்கிற ஈட்டிமுனை இடத்தில், 'ரூபன்' என்று இருந்தது.

"மேல… மேல தூக்கிட்டாங்கமே!"

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. அட கடவுளே! ஊர்ச்செவி படித்தது அகராதித் தமிழ். அகராதியில் தூக்கு என்றால் உயர்த்து. லட்சம் பேர் ஒரு குரலாக 'அவனை உயர்த்துங்கள்' என்று மன்றாடியதாக அது எடுத்துக்கொண்டு, பின்னால் நின்றவனைத் தூக்கி உச்சியில் வைத்துவிட்டது. நல்ல காலம், அகராதியில் அந்தச் சொல்லுக்குக் கயிறோடு சம்பந்தப்பட்ட இன்னொரு பொருளும் இருக்கிறது. அந்தப் பக்கம் அது போகவில்லை.

நிம்மதியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். ஃபுளோரா அழுதுகொண்டே சிரித்தாள்.

அடுத்த ஆட்டம் ஜோர்டானோடு. ரூபன் இரண்டு கோல் போட்டான். ஒன்று தலையால். இன்னொன்றில் அவன் முட்டி பந்தைத் தட்டியதா, சும்மா நின்ற முட்டியில் பந்து வந்து பட்டதா என்று கிளப்பில் கைகலப்பே ஆனது. எப்படிப் பட்டால் என்ன, வென்றாயிற்று. தெருவெல்லாம் பட்டாசு. 'தூக்கு' என்று கத்திய அத்தனை பேரும், தாங்கள் முதலிலிருந்தே அவனை மேலே ஏற்றத்தான் சொன்னதாகச் சாதித்தார்கள். "எனக்கு அப்பவே தெரியும்டா" என்று டில்லி கஜேந்திரனிடமே வந்து சொன்னான், துளிகூட வெட்கமில்லாமல்.

மறுநாள் கழகத்திலிருந்து அழைப்பு வந்தது. ஃபுளோராதான் எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டாள்.

"வணக்கமுங்க, ஊர்ச்செவி மொழிப்பிரிவுல இருந்து நிவேதிதா பேசறனுங்க. கஜேந்திரன் சாருங்களா? 'தூக்குங்கடா'ன்னு மொதல்ல சொன்னது நீங்கதானாமுங்க. ஒரே ஒரு சந்தேகமுங்க. நீங்க மேல ஏத்தச் சொன்னீங்களா, வெளிய அனுப்பச் சொன்னீங்களா? எங்க ஊட்டுப் பக்கமெல்லாம் அதுக்கு வேற அர்த்தமாச்சேன்னு நேத்துல இருந்து தூக்கமே இல்லீங்க."

ஃபுளோரா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தாள். உண்மையைச் சொன்னால் மச்சினன் வெளியே, தான் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே.

"மேலதாம்மா. மேல ஏத்தத்தான் சொன்னேன். வேற இன்னா அர்த்தம் கீது அதுக்கு?"

"அப்பாடா! வயித்துல பாலை வார்த்தீங்க. இல்லீன்னா மொத்தத் தமிழையும் மறுபடி படிக்க வைக்கோணும். உங்க எடைக்கு வேற சாட்சியே வேண்டாமுங்க, இதையே முடிவா வெச்சுக்கறோம்."

நிவேதிதா வைத்துவிட்டாள். ஃபுளோரா ஒன்றும் கேட்கவில்லை. "சரி, சாப்பிட வா" என்றாள். கஜேந்திரன் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன், மறுநாள் வெயில் ஏறும் வரை எழவில்லை.

வினை அதற்கடுத்த ஆட்டத்தில் வந்தது. லால்ரினாவுக்கு அன்று என்ன கேடு காலமோ, மூன்று பந்துகளைக் கையில் பிடித்தும் நழுவவிட்டான். கேரம் கிளப்பே அதிர, "தூக்குங்கடா அந்த கோலிய!" என்று ஊளையிட்டார்கள். கஜேந்திரன் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு, "வேணாண்டா, அந்த வார்த்த வேணாண்டா" என்று கெஞ்சினான். யார் கேட்பது? மற்ற மொழிக்காரர்களும் அவனை வெளியேற்றத்தான் சொன்னார்கள், அது சரியாகவே பதிவானது. ஆனால் ரூபன் விஷயத்தில் பலித்தது தமிழ் வாய்தான் என்று ஊர்ச்செவி எல்லாத் தமிழ் நாக்குக்கும் எடையை ஏற்றி வைத்திருந்தது. லால்ரினா அணித் தலைவன் ஆனான்.

தலைவனாகி அடுத்த ஆட்டத்தில் நான்கு கோல் விட்டான். இதற்குமேல் சும்மா இருந்தால் பாவம் என்று கஜேந்திரனுக்குப் பட்டது. ஏழு வார்த்தையை எடைபோட்டு, சிலேடைக்கு இடமே இல்லாத ஒன்றைப் பொறுக்கினான். காதுக்குமிழின் கீழே போய் நின்று, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னான்:

"அவன உக்கார வைங்க."

குமிழ் மின்னியது. டில்லி அவன் தோளைத் தட்டி, "சூப்பர்டா. பெஞ்சுல உக்காந்து ஈ ஓட்டட்டும்" என்றான். கஜேந்திரனும் பெருமூச்சு விட்டான். பெஞ்சு என்ற சொல்லைத் தான் சொல்லவில்லை என்பது அப்போது அவனுக்கு உறைக்கவில்லை.

களத்தில் எல்லோரும் ஓடிக்கொண்டிருக்க, உட்கார்ந்திருப்பதற்கென்றே வைத்த நாற்காலி ஒன்று உண்டல்லவா? ஊர்ச்செவி லால்ரினாவை அதில் உட்கார வைத்தது. லால்ரினா இந்திய அணியின் பயிற்சியாளர் ஆனான். பழைய பயிற்சியாளர், விட்டால் போதுமென்று அன்று மாலையே விமானம் ஏறிவிட்டார்.

நாற்காலியில் அமர்ந்த லால்ரினா செய்த முதல் காரியம் ஊர்ச்செவியை அணைத்ததுதான். பயிற்சியாளருக்கு அந்த அதிகாரம் எப்போதும் இருந்தது. அதைத் தொட யாருக்கும் துணிச்சல் வரவில்லை, அவ்வளவே. ஊர்ச்செவி இருக்கும் வரை தோற்றால் பழி மக்கள் தலையில், அணைத்துவிட்டால் பழி தன் தலையில். லால்ரினாவுக்கு அந்தக் கவலை இல்லை. நிருபர்களிடம் அவன் சொன்னது இதுதான்: "ஏற்கெனவே நாடே என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறது. இனிமேல் புதிதாக என்ன வந்துவிடப் போகிறது?"

கிளப்பில் காதுக்குமிழ் கண் மூடிய அன்று எல்லோரும் அதையே அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு சம்பத் கிழவர், ரூபனைக் கோலுக்கு நிற்க வைக்கலாம் என்று மெல்ல ஒரு வார்த்தை விட்டார். குமிழ் மின்னவில்லை. "யோவ், உனக்கு மூளை கீதா?" என்று டில்லி பாய்ந்தான். ஐந்து நிமிடத்தில் கூரை பறந்தது. எத்தனை வருடமாக இப்படி வாய் ஓயக் கத்தவில்லை! கஜேந்திரனும் கத்தினான். அவன் சொன்னதை ஒருவரும் மதிக்கவில்லை. நாக்கிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

லால்ரினா தானே வகுத்த முதல் வியூகத்தில் ரூபன் பெயர் எங்கேயும் இல்லை.

கஜேந்திரன் பயந்துகொண்டே வீட்டுக்குப் போனான். ஃபுளோரா லால்ரினாவைக் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தாள். "மூணு பந்து புடிக்கத் தெரியாதவன் என் தம்பிய எடுத்துட்டானா?" என்று கேட்டாள். கஜேந்திரன் உற்சாகமாகச் சேர்ந்துகொண்டு, அவளைவிட இரண்டு பங்கு அதிகமாகத் திட்டினான். திட்டுவதற்கு வேறொருத்தன் கிடைத்த சந்தோஷம் அவனுக்கு.

திட்டி ஓய்ந்த பிறகு அவள் சொன்னாள்: "உண்மையச் சொல்லணும்னா ஓஞ்சுதான் போயிட்டான். ரெண்டு வருசமாவே எனக்குத் தெரியும். போன்ல அவன் கொரலே சொல்லிச்சு, அக்கா, போதும்னு. வாயத் தொறந்து சொன்னா அந்தக் குமிழு கேட்டுக்குமேன்னுதான் அடக்கினு இருந்தேன்."

கஜேந்திரனுக்கு நெஞ்சு இளகிவிட்டது. "ஃபுளோரா, அன்னிக்குக் கிளப்புல மொதல்ல கத்துனது…"

"தெரியும். டில்லி பொண்டாட்டி அன்னிக்கே சொல்லிட்டா."

"அன்னிக்கேவா? அப்போ போன்ல அந்தப் பொண்ணுகிட்ட நான் சொன்னது…"

"புளுகுன்னு தெரியும். தூக்கறதும் எறக்கறதும் என் பொழப்பு, எனக்கா அர்த்தம் தெரியாது?"

"அப்புறம் ஏம்மே இத்தினி நாளு என்ன ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா திட்டுவேன். திட்டுனா அதுல உம் பேரும் வரும், ரூபன் பேரும் வரும். அது எத எப்படிப் புரிஞ்சிக்கினு யார எங்க கொண்டுபோயி வெக்குமோ, யாரு கண்டா?" அவள் எழுந்து சுவரில் இருட்டாகக் கிடந்த குமிழைப் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள். "இப்ப திட்டட்டுமா?"

"திட்டு" என்றான் கஜேந்திரன்.

திட்டினாள். அவனுடைய ஏழு தலைமுறையையும் வரிசையாக எழுப்பி நிற்க வைத்துத் திட்டினாள். கஜேந்திரன் சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். அவனைத் தவிர வேறு யாரும் அதைக் கேட்கவில்லை.