காலுக்கு ஓர் அச்சு

தண்ணீர் மேல்நோக்கி ஓடாது. இது அவளுக்குத் தெரியும். அவளுடைய நரம்புகளுக்குத்தான் தெரியாமல் போய்விட்டது. பல்செட் செய்யும் அந்தச் சின்ன லேபில், ஜன்னலுக்கு வெளியே மழைக்கு வானம் இருட்டிக்கொண்டு வர, மெழுகும் பிளாஸ்டரும் கலந்த வாசனைக்கு நடுவே ஒரு செட்டுக்கு மெழுகில் ஈறு வடித்துக்கொண்டிருந்தபோது, இடது கணுக்காலில் ஈரமாக ஏதோ தொட்டது. தொட்டு, கெண்டைக்காலின் பின்பக்கமாக அவசரமே இல்லாமல் ஊர்ந்து, முழங்கால் மடிப்புவரை ஏறி அங்கே நின்றது.

வழக்கமாக இந்த ஈர உணர்வு இறங்கும். தொடையில் வெதுவெதுப்பாக ஒரு கோடு இறங்கும்போதே, ஐயோ நனைத்துவிட்டோம் என்று உயிர் போகும். தொட்டுப் பார்த்தால் எல்லாம் காய்ந்திருக்கும். மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் என்று டாக்டர் பெயர் சொன்னதற்கு முன்னாலிருந்தே இந்தக் கூத்துதான். மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பைப் போர்த்தியிருக்கிற உறை அங்கங்கே சிதைந்துவிட்டதாம். அதனால் இல்லாததெல்லாம் இருப்பதாகச் சேதி வருமாம். விலாவைச் சுற்றி யாரோ பெல்ட் போட்டு இறுக்குவார்கள், யாரும் இருக்க மாட்டார்கள். கழுத்தைக் குனிந்தால் முதுகுத்தண்டில் ஷாக் அடிக்கும். சிறுநீர்ப்பையோ தனி ராஜ்யம். வருகிறது என்று விழுந்தடித்து ஓடினால் வராது, டியூப் போட்டு எடுக்க வேண்டும். இப்போதைக்கு வராது என்று நிம்மதியாக உட்கார்ந்தால் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கும். அதனால் அவள் தனக்கென்று ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தாள். உடம்பு சொல்வதை நம்பாதே. கண்ணால் பார்த்தால் மட்டும் நம்பு.

காலை நீட்டி, பேண்டை முழங்கால்வரை சுருட்டினாள். கெண்டைக்காலில் விரல் அகலத்துக்கு ஒரு பளபளப்பு இருந்தது. தொட்டு முகர்ந்தாள். மூத்திர வாசனை இல்லை. அப்பாடா என்று பேண்டை இறக்கிவிட்டுக்கொண்டு மெழுகுக்குத் திரும்பிவிட்டாள். மூத்திரம் இல்லை என்றால் பிறகு என்ன என்று கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை. வருஷக்கணக்காக அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டுப் பழகியவளுக்கு வேறு கேள்வி எங்கிருந்து வரும்?

அதற்குக் காரணம் இருந்தது. போன வாரம்தான் அவள் நாற்காலி மெத்தை நனைந்து, முதலாளி அதைத் தூக்கிப் போட்டுவிட்டு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து வைத்தார். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வீட்ல ரெஸ்ட் எடும்மா. உனக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம்" என்றார். நல்ல மனுஷர். கத்தியிருந்தால்கூடத் தேவலாம். பாதி ஆயுள் உட்கார்ந்து வேலை செய்த மேஜை இது. ஊரில் எத்தனை பேர் அவள் செய்த பல்லால் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அவளாவது, எழுந்து போவதாவது!

பாலிஷ் போடுகிற அண்ணன் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"மழை வருது தங்கச்சி, கிளம்பலையா?"

"வாத்தியாரோட செட்டு பாக்கி இருக்குண்ணே. பல்லில்லாம நாளைக்கு எப்படி கிளாஸ் எடுப்பாரு?"

"எடுக்கட்டும். பசங்க ஒரு நாளாவது சந்தோஷமா இருப்பாங்க." சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "ஏன் இப்படி வெளுத்திருக்கே?"

சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. சொன்னால் காலையில் முதலாளி காதுக்குப் போய்விடும். பாவம், தலைக்கும் ஏறிடுச்சு என்பார்கள். "ஒண்ணுமில்லண்ணே. நரம்பு."

"பார்த்து இரு. உன் மேஜைக்கடியில எலி வேற இருக்கும்போல. சாயங்காலமானா ஏதோ சத்தம் கேக்குது. நக்குற மாதிரி."

கதவு சாத்திக்கொண்டது.

அவர் போன பிறகுதான் அவளுக்கும் கேட்டது. மழையின் சத்தம் தனி, குழாய் சொட்டுகிற சத்தம் தனி. அவை இரண்டுக்கும் அடியில், மேஜையின் உள்மூலையில், ஈரமான எதையோ பிரிப்பதும் மூடுவதுமாக ஒரு சத்தம். பச்சைக்களிமண் வாசனை ஒன்றும் வந்தது. குனிந்து பார்த்தால் ஷாக் அடிக்கும். அதுதான் காரணம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பயம் என்று சொல்லிக்கொள்ள மனம் வரவில்லை.

சத்தம் நின்றது. ஈரம் மறுபடி கணுக்காலைத் தொட்டது.

இந்த முறை கோடு இல்லை. முன்னால் ஒரு வளைவு, பின்னால் ஒரு வளைவு. இரண்டும் சேர்ந்து கெண்டைக்காலை மெல்ல அழுத்தின. விட்டன. பழம் பழுத்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல மறுபடி அழுத்தின. விரல்கள் என்று நினைத்தாள்.

ஓடலாம். ஓடினால் நாளை இந்த நாற்காலி இல்லை. அதற்கு மேல், எத்தனை வருஷமாகத் தன் உடம்பே சொன்னதைத் தானே பொய் என்று தள்ளியிருக்கிறாள்! அந்த நினைப்பில் அவளுக்குக் கோபம் வந்தது. பயத்தைவிடப் பெரிய கோபம்.

"இருடி. உன்னையும் அளவெடுக்கறேன்" என்றாள், மேஜைக்கடியில் இருந்ததிடம்.

அலமாரியில் அச்சு மாவு டப்பா இருந்தது. வாயில் வைத்துப் பல்லுக்கு அளவெடுக்கிற மாவு. தண்ணீர் விட்டுக் குழைத்தால் சீக்கிரமே ரப்பராக இறுகிவிடும். ரோஸ் நிறத்தில் குழைத்து, பேண்டைச் சுருட்டி, கெண்டைக்காலைச் சுற்றித் தடிமனாக அப்பினாள். காலை மேஜைக்கடியில் நீட்டினாள். அச்சு இறுகும்வரை அசையக் கூடாது. அசைந்தால் எல்லாம் வீண்.

அந்த நேரம் பார்த்து வந்தது.

சிறுநீர்ப்பை முறுக்கிக்கொண்டது. இது பொய்யில்லை. கழிவறை நடைபாதையின் அந்தக் கோடியில். எழுந்து ஓடினால் பிடித்துவிடலாம். தொடை நடுங்கியது. பற்களைக் கடித்துக்கொண்டாள். அசையக் கூடாது. அசையவே கூடாது. இந்த ஒன்றுக்காகத்தானே என்னை அனுப்பப் பார்க்கிறார்கள்.

"போய்த் தொலையட்டும்."

விட்டாள்.

சூடு தொடையில் பரவி, முழங்காலைத் தாண்டி, அச்சின்மேல் வழிந்து இறங்கியது. அதேநேரம் கீழிருந்து ஈரம் ஏறியது. இரண்டும் நடுவில் சந்தித்தன. பேண்ட் நனைந்தது. நாற்காலி நனைந்தது. தரையில் ஒரு சொட்டுகூட விழவில்லை. கீழே, நிதானமாக, நக்கும் சத்தம்.

அவள் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் வந்தது. கால் அசையவில்லை.

பிறகு அது இறுக்கியது. மாவுக்குள் புதைய, எலும்புவரை தெரிய. ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. விட்டது.

அவள் நகத்தால் சுண்டிப் பார்த்தாள். அச்சு இறுகியிருந்தது.

கத்தியால் கீறிக் கழற்றி, பதிந்திருந்த பக்கத்தில் சீக்கிரம் இறுகும் பிளாஸ்டரை ஊற்றினாள். ஈரப் பேண்டோடு, காலை இழுத்துக்கொள்ளாமல், அதே நாற்காலியில் காத்திருந்தாள். மேஜைக்கடியிலும் ஒன்று காத்திருந்தது. அதன் மூச்சு பாதத்தில் பட்டுப் பட்டு விலகியது. பிளாஸ்டர் சூடாகி ஆறியதும் அச்சை உரித்தாள்.

விரல்கள் இல்லை.

பற்கள்.

வாழ்நாளெல்லாம் பார்த்த பொருள். கண் தானாகப் படித்தது. மேல்வரிசை. கீழ்வரிசை. சின்னவை. கூர்மை மழுங்காதவை. பால் பற்கள். அவற்றுக்குப் பின்னால் இன்னொரு வரிசை. அதற்கும் பின்னால் இன்னொன்று. எதுவும் முழுதாக முளைத்து முடியவில்லை.

அவள் பயந்துதான் போனாள். ஆனால் வெகுகாலத்துக்குப் பிறகு அவள் உடம்பு சொன்னதும் கண் பார்த்ததும் ஒன்றாக இருந்தன. அவள் பைத்தியம் இல்லை. அந்த நினைப்பில் அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது.

பல் ராவுகிற மெஷினைக் கையில் எடுத்தாள். பெரிய சாணைக்கல்லை மாட்டினாள். சுவிட்சைப் போட்டாள். அது கீச்சென்று சுழன்றது.

"என் இடம் இது" என்றாள். குரல் உடைந்தது, உடைந்தால் என்ன. "நான் எங்கயும் போகப் போறதில்ல. உனக்கு மேல்பல்லும் கீழ்ப்பல்லும் கடி சரியா அமையல. ராவித் தரேன், வா."

பாதத்தில் பட்டுக்கொண்டிருந்த மூச்சு நின்றது.

அவள் கழுத்தைக் குனிந்தாள். முதுகுத்தண்டு முழுக்க ஷாக் ஓடியது. கண்ணை மூடவில்லை.

"ஆ காட்டு."

அது சொன்னபடி கேட்டது. வாயைத் திறந்தது. மேஜை தரையை விட்டு எழும்பியது, மேலே அடுக்கியிருந்த பிளாஸ்டர் தாடை மாதிரிகள் ஒவ்வொன்றாகச் சரிந்து உள்ளே விழுந்தன, அது இன்னும் திறந்துகொண்டே இருந்தது.