ஒன்பதாவது ரசிகர்

செல்போன் அலறியது.

ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு பத்து.

போர்வைக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து அதைப் பிடித்தது. தேவிப்பிரியாவின் கை. வயது பதினேழு. ப்ளஸ் டூ. திரையில் 'சுதா அக்கா' என்று மின்னியது.

"இன்னாக்கா... இந்நேரத்துல?"

"தேவீ...! உங்க பாவாவ போலீஸ் இட்டுகினு போய்ட்டாங்கடீ...!"

தேவி எழுந்து உட்கார்ந்தாள்.

"எதுக்கு...?"

"கொலைக் கேஸாம்டீ! துளசிங்கம் மொதலாளிய தறிக் கொட்டாயிலயே யாரோ மண்டையில அடிச்சிக் கொன்னுட்டாங்க. இவருதான் பண்ணாருன்னு சொல்றாங்க!"

"பாவாவா...? கரப்பான்பூச்சிய பார்த்தா கட்டில் மேல ஏறிடுமே அக்கா அது!"

"அத போலீஸ்ல வந்து சொல்லுடீ!"

* * *

காவல் நிலையம்.

லாக்கப் கம்பிகளுக்குப் பின்னால் சுதாவின் கணவன், தேவியின் பாவா உதயா நின்றிருந்தான். பொதட்டூர்பேட்டையில் துளசிங்கத்தின் விசைத்தறிக் கொட்டகையில் ஆறு வருடமாக லுங்கி நெய்பவன். பத்து நாள் தாடி. கழுத்தில் மாலை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கப் போட்ட மாலை. போன மாதம் அவனுடைய ரெண்டு வயசுக் குழந்தை சினேகாவுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தபோது, சுதா முருகனிடம் வேண்டிக்கொண்ட காவடி. வேண்டியது மனைவி. மாட்டிக்கொண்டது கணவன்.

இன்ஸ்பெக்டர் விஜயராகவன் மேஜையைத் தட்டினார்.

"வெள்ளிக்கிழமை துளசிங்கத்துகிட்ட என்னய்யா தகராறு?"

"காவடிக்கு லீவு கேட்டேன் சார். தரமாட்டேன்னாரு..."

"'உன்ன கொல்லாம விடமாட்டேன்'னு கத்தியிருக்க. இருபது பேர் சாட்சி!"

"தறி சத்தத்துல கத்தினாதான் சார் கேக்கும்..."

"கேட்டிருக்கு! மறுநாளே ஆள் காலி! சனிக்கிழமை மத்தியானம் மூணுலேர்ந்து நாலுக்குள்ள எங்க இருந்த?"

உதயா ஓரமாய் நின்ற சுதாவை ஒரு முறை பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

"திருத்தணி மலைக்குப் போயிருந்தேன் சார்... சாமி கும்பிட..."

"மலையில அத்தனை கேமராவும் பார்த்தாச்சு. உன் தாடி ஒண்ணுலயும் இல்ல!"

உதயா வாயை மூடிக்கொண்டான். அதன்பிறகு அது திறக்கவே இல்லை.

தேவி முன்னால் வந்தாள்.

"சார்... துளசிங்கம் மாமாவுக்கு வேற யாரும் எதிரி இல்லியா சார்?"

"பார்ட்னர் சேட்டு இருக்காரு. போலி லேபிள் ஒட்டி லுங்கி வித்துட்டாருன்னு ரெண்டு பேருக்கும் சண்டை. முதல்ல அவரைத்தான் பிடிச்சேன்..."

"அப்புறம்...?"

"கொலை நடந்த நேரத்துல திருத்தணியில மேட்னி ஷோ பார்த்துட்டு இருந்திருக்காரு. டிக்கெட் வெச்சிருக்காரு. டிக்கெட்டை விடு... வீடியோவே இருக்கு! படம் முடிஞ்சதும் தியேட்டர் வாசல்ல ஒரு பொண்ணு மைக்கை நீட்டுது, இவரு விமர்சனம் சொல்றாரு!"

இன்ஸ்பெக்டர் தன் போனைத் திருப்பிக் காட்டினார்.

தேவி குனிந்து பார்த்தாள்.

மைக்கை நீட்டிக்கொண்டிருந்தது... தேவி!

* * *

விஷயம் இதுதான்.

தேவியிடம் ஒரு யூடியூப் சேனல் உண்டு. புதுப் படம் வந்தால் தியேட்டர் வாசலில் நின்று ரசிகர்களின் கருத்தைப் படமெடுத்துப் போடுவாள். தான் படம் பார்க்க மாட்டாள். பப்ளிக் எக்ஸாம் முடியும்வரை தியேட்டருக்குள் கால் வைத்தால் கால் இருக்காது என்று அம்மா சொல்லியிருந்தாள். வாசல் வரை தடையில்லை.

இந்த வாரப் படம் 'அழிரப்பர்'. ஞாபகம் இழந்த ஒருவன். அவனுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு டாக்டர். மூளையைக் கசக்கும் சைக்கலாஜிக்கல் த்ரில்லர் என்று போஸ்டரே மிரட்டியது.

வீட்டுக்கு வந்தவள் கதவைச் சாத்திக்கொண்டு, தன் வீடியோவைத் தானே ஓட்டினாள். மொத்தம் ஒன்பது பேர்.

முதல் ஆள், ஆர்.கே.பேட்டை மெக்கானிக்:

"வேற லெவல் படம்! க்ளைமாக்ஸ ஃபர்ஸ்ட் ஹாஃப்லயே காட்டிட்டாங்க! டாக்டர்தான் பேஷண்ட்டு, பேஷண்ட்டுதான் டாக்டருன்னு இண்டர்வலுக்கு முன்னாலயே ஒடைச்சிட்டான் டைரக்டரு! தில்லு வேணும்!"

இரண்டாவது, ஒரு கல்லூரி மாணவி:

"பாதிப் படத்துலயே 'நன்றி'ன்னு போட்டு பேரெல்லாம் ஓட விட்டாங்க. இண்டர்வலுக்கு அப்புறம்தான் டைட்டிலு! ஞாபகம் போனவனுக்கு உலகம் அப்டித்தான தலைகீழா தெரியும்? கூஸ்பம்ப்ஸ்!"

நான்காவது, மனைவியுடன் வந்த ஆசிரியர்:

"படம் முடியும்போது 'இடைவேளை'ன்னு ஒரு கார்டு போடறாங்க பாருங்க... வாழ்க்கையே ஒரு இடைவேளைதான்ங்கிற தத்துவம்! எழுந்திரிக்கவே மனசு வரல."

மனைவி பக்கத்தில் முணுமுணுத்தாள். "எனக்கு ஒரு எழவும் புரியல."

"புரியலன்னு கேமராவுல சொல்லாத. மானம் போவுது!"

எட்டுப் பேரும் இதையே சொன்னார்கள். ஆளுக்கொரு புல்லரிப்புடன்.

ஒன்பதாவது... சேட்டு.

வெள்ளைச் சட்டை. புன்னகை. யாரும் கூப்பிடாமலே கேமரா முன்னால் வந்து நின்றவர்.

"ஆரம்பம் கொஞ்சம் ஸ்லோவுதான்ங்க. ஹீரோ ஆஸ்பத்திரியில கண்ண தொறக்கிறான், பேரே தெரியல. ஆனா போகப் போக... கடைசி பத்து நிமிஷம் இருக்குதே! அவன்தான் அந்த டாக்டருன்னு தெரியற எடம்... யப்பா! சீட்டு நுனிக்கு வந்துட்டேன்!"

தேவி வீடியோவை நிறுத்தினாள்.

எட்டுப் பேருக்கு அது முதல் பாதி. இவருக்கு மட்டும் அது கடைசி!

'சேட்டு பொய் சொல்றாரு...!'

அவசரமாய்ச் சென்னை விமர்சனங்களைத் தேடிப் படித்தாள். ஒன்று... இரண்டு... ஐந்து...

எல்லாவற்றிலும் கதை, சேட்டு சொன்ன மாதிரியேதான் இருந்தது! வரி பிசகாமல்!

அப்படியானால்... பொய் சொன்னது மற்ற எட்டுப் பேரா?

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"பாப்பா... நான் சேட்டு பேசறேன்."

தேவி சாத்திய கதவைப் பார்த்தாள்.

"சொ... சொல்லுங்கண்ணா..."

"உன் வீடியோ சூப்பரா போவுதாமே? நல்லாருக்குது. அத அழிச்சிகிழிச்சிடாத, ஆங்? உங்க பாவா கேசுன்னு மனசு கொழப்பிக்காத. உன் ஊடு கே.ஜி.கண்டிகை டீக்கடைக்கு எதிர்ச் சந்துதான?"

"ஆ... ஆங்ண்ணா."

"பச்சை கேட்டு. தெரியும் தெரியும். நல்லா படி பாப்பா."

லைன் செத்தது.

தேவி எழுந்து போய் பச்சை கேட்டைப் பூட்டினாள். பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். அப்புறம் தியேட்டர் ஆபரேட்டர் ஆறுமுகத்துக்கு போன் போட்டாள். வாசலில் மைக் பிடிக்க அனுமதி வாங்கித் தந்த மனிதர்.

"ஆறுமுகம் மாமா... நேத்து மேட்னியில படம் எப்டி ஓடிச்சி?"

மறுமுனையில் ஒரு விம்மல்.

"யாரு பாப்பா சொன்னது உங்கிட்ட...?"

"இன்னா மாமா ஆச்சி?"

"காலையில மலைக்குப் போயி மொட்டை போட்டுகினு வந்தேன். தலையில சந்தனம் சில்லுன்னு கீது... கண்ணு சொக்கிடுச்சி. படம் கம்ப்யூட்டர்ல ரெண்டு பாதியா இருக்கும் பாப்பா. கை மாத்தி அமுக்கிட்டேன். ரெண்டாவது பாதி மொதல்ல ஓடிடுச்சி!"

"யாரும் கேக்கலியா?"

"கேட்டாதான் பரவால்லியே! கை தட்டினாங்க பாப்பா... விசில் அடிச்சாங்க! கடைசியில 'இடைவேளை'ன்னு வந்தப்போ எழுந்து நின்னு தட்டினாங்க! நான் இன்னான்னு சொல்றது?"

"மத்த ஷோவெல்லாம்...?"

"எல்லாம் ஒழுங்கா ஓடிச்சி. அந்த ஒரு மேட்னிதான். வெளிய சொல்லிடாத தாயி, வேலை பூடும்!"

தேவி சுவரில் சாய்ந்தாள்.

எட்டுப் பேரும் படம் பார்த்தவர்கள். அதனால் கதையைத் தப்பாய்ச் சொன்னார்கள்.

சேட்டு படமே பார்க்கவில்லை. அதனால்தான் சரியாய்ச் சொன்னார்!

* * *

ஹெட் கான்ஸ்டபிள் கனிமொழியின் வீடு அடுத்த தெரு. கோழிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்த சமையலறையில், தேவி அழுகையும் வார்த்தையுமாய் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"பயமா கீதுக்கா. அந்தாளு கேட்டு கலர் வரைக்கும் சொல்றான். நான் எடுத்த வீடியோவால பாவா தூக்குல தொங்கிடுமோன்னு..."

"அழாதடீ. மூக்க தொட." கனிமொழி அடுப்பைச் சிறிதாக்கினாள். "ஆபரேட்டர தவிர வேற யார் கிட்டயாவது சொன்னியா?"

"இல்லக்கா."

"சொல்லாத. சேட்டு வாயாலயே வரவழைக்கலாம்."

"சேட்டு மாட்டினா பாவாவ விட்டுடுவாங்களா?"

கனிமொழி கரண்டியில் உப்புப் பார்த்தாள்.

"உங்க பாவா எங்க இருந்தான்னு அவன் சொல்லணும்டீ. இல்லாட்டி ரெண்டு பேரும் கூட்டுன்னு இன்ஸ்பெக்டரு எழுதிடுவாரு. ஏன் வாயத் தொறக்க மாட்டேங்கிறான்?"

தேவிக்கும் அது தெரியவில்லை.

* * *

மாலை ஐந்து மணி. காவல் நிலையம்.

சேட்டு நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட மட்டும் என்று சொல்லி வரவழைத்திருந்தாள் கனிமொழி. ஒரு மூலையில் சுதா, குழந்தை தோளில் தூங்க. அவள் முதுகுக்குப் பின்னால் தேவி. லாக்கப்பில் உதயா, கம்பியில் நெற்றியை முட்டுக்கொடுத்தபடி.

"சார், படம் நல்லாருக்குன்றாங்களே." கனிமொழி பேப்பரைச் சேட்டின் பக்கம் நகர்த்தினாள். "எனக்கு டூட்டியிலயே பொழுது போவுது. கதைய சொல்லுங்களேன்."

இன்ஸ்பெக்டர் முறைத்தார். "கனிமொழி... இது ஸ்டேஷனா, டீக்கடையா?"

"ரெண்டே நிமிஷம் சார்."

சேட்டு உற்சாகமானார். ஒத்திகை பார்த்த பாடம் அல்லவா!

"அது பெரிய கதைங்க மேடம். மொதல்ல டைட்டில் போடறான் பாருங்க... ஒரு கரும்பலகை, அதுல பேர எழுதி அழிக்கிறான். பிரமாதம்! அங்கயே நான் விழுந்துட்டேன்..."

லாக்கப்பில் உதயாவின் தலை நிமிர்ந்தது.

"அப்புறம் ஹீரோ ஆஸ்பத்திரியில கண்ண முழிக்கிறான்..."

உதயாவின் உதடு துடித்தது.

"இண்டர்வல் விட்டு, செகண்ட் ஹாஃப்ல அந்த டாக்டரு..."

"யோவ் சேட்டு...!!"

லாக்கப் அதிர்ந்தது. சுதா தோளில் குழந்தை திடுக்கிட்டு விழித்தது.

"இன்னாய்யா கதை சொல்ற நீ? டைட்டிலு இண்டர்வலுக்கு அப்புறம்யா போட்டாங்க! மொதல்ல டாக்டரு, அப்பாலதான் ஆஸ்பத்திரி! படத்தோட அழகே அதாண்டா! பார்க்காதவன்லாம் விமர்சனம் சொல்லிகினு...!"

நிலையமே உறைந்தது.

முதலில் அசைந்தது கனிமொழி. கதவை மறித்து நின்றாள். சேட்டின் கால் மேலிருந்த கால் தானாகக் கீழே இறங்கியிருந்தது.

"சனிக்கிழமை மேட்னியில மட்டும் படம் தலைகீழா ஓடிச்சி சேட்டு. ஆபரேட்டரு தூக்கக் கலக்கத்துல மாத்திப் போட்டுட்டாரு. உள்ள உக்காந்திருந்த யாரும் ஒன்ன மாதிரி கதை சொல்ல மாட்டாங்க!"

"நா... நான் லேட்டா போனேன் மேடம்... கொஞ்சம் தூங்கிட்டேன்..."

"சீட்டு நுனியிலயா?"

இன்ஸ்பெக்டர் கையை நீட்டினார். "உன் போனைக் குடு. மூணு மணிக்கு அது எந்த டவர்ல இருந்துச்சுன்னு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும்."

சேட்டு போனைக் கொடுக்கவில்லை. முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார்.

"லேபிள் விஷயத்த போலீசுக்கு சொல்லிடுவேன்னாரு சார்... தறிக்கு முட்டுக் குடுத்த இரும்பு ராடு கைக்குக் கெடைச்சிது... பைக்க வெரட்டிகினு வந்து, போன்ல விமர்சனத்த படிச்சிகினு, கீழ கெடந்த டிக்கெட்ட பொறுக்கிகினு, படம் விட்ற கூட்டத்துல கலந்துட்டேன்..."

தேவி சுதாவின் கையைப் பிடித்தாள்.

இன்ஸ்பெக்டர் லாக்கப்பின் பக்கம் திரும்பினார்.

"நீ வாய்யா இப்ப. டைட்டில் விஷயம் உனக்கு எப்படித் தெரியும்? இந்தப் பொண்ணு வீடியோவைப் பார்த்தியா?"

"வீடியோலாம் இன்னாத்துக்கு சார்?" உதயா இன்னும் கொதித்துக்கொண்டிருந்தான். "சைடுல மூணாவது ரோ சார் நான்! வாசல்ல தேவி மைக்கோட நின்னுச்சேன்னு பின்வாசல் வழியா போய்ட்டேன். படம் முடிஞ்சதும் மேல ஆபரேட்டர் ரூம் ஓட்டையில ஒரு மொட்டைத் தல, சந்தனத்தோட எட்டிப் பார்த்து மடார் மடார்னு அடிச்சிகினு இருந்துச்சி. அதுவும் படத்துல ஒரு சீனுன்னு நெனச்சி அதுக்கும் சேத்து கை தட்னேன் சார்!"

கனிமொழிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சார், ஆறுமுகத்துக்கு நேத்துதான் மொட்டை. அது எந்த வீடியோவுலயும் இல்ல. இவன் உள்ளதான் இருந்திருக்கான்."

"அடப்பாவி! இதைக் காலையிலேயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

உதயாவின் பார்வை அவரைத் தாண்டிப் போனது.

இன்ஸ்பெக்டருக்குப் பின்னால், சுதா குழந்தையைத் தங்கையிடம் கொடுத்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். கம்பியை நோக்கி, ஒவ்வொரு அடியாய், நிதானமாய் நடந்து வந்தாள்.

உதயாவின் கை தன்னையறியாமல் கழுத்து மாலையை மறைத்தது.

"கொழந்தைக்கு வேண்டிகினு மாலை போட்டுகினு..." சுதாவின் குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது. "கறி கூடாது, கட்டில் கூடாது, சினிமா கூடாதுன்னு சொல்லிச் சொல்லி மாலை போட்டு வுட்டேனே... மலைக்குப் போறேன்னு எங்கிட்ட கற்பூரம் வாங்கிகினு போயி... மேட்னி பார்த்தியா நீ?"

"பாவா... சாரி சொல்லிடு பாவா!" தேவி பின்னாலிருந்து கிசுகிசுத்தாள்.

இன்ஸ்பெக்டர் சாவியைப் பூட்டில் நுழைத்தார். "நீ நிரபராதிய்யா. வெளியே வா."

உதயா வெளியே வரவில்லை. இரண்டடி பின்னால் போனான். சுவரில் சாய்ந்தான். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, சுதாவை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு மெல்லக் கேட்டான்.

"சிஸ்டர்... இது எந்த ஊரு?"