முப்பத்தேழில் நின்ற தேத்தண்ணி

தேத்தண்ணி ஆறவில்லை.

ஊற்றும்போது எழுபத்தொன்று காட்டிய சிவப்பு எண், ஐம்பது, நாற்பத்தைந்து என்று ஒழுங்காக இறங்கி, நாற்பதில் கீயென்று ஒருமுறை கத்தி, முப்பத்தேழுக்கு வந்ததும் நின்றுவிட்டது. குசினி யன்னலால் சோளகக் காற்று உப்பு வாடையோடு புகுந்து அடுப்புச் சாம்பலைக் கிளப்பிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றுக்கு ஒரு பேணித் தேத்தண்ணி பச்சைத் தண்ணீராக அதிக நேரம் வேண்டாம். ஒரு மணித்தியாலம் ஆயிற்று. முப்பத்தேழு.

சதீசன் சவர்க்காரப் பெட்டியைத் தட்டிப் பார்த்தான். அதற்குள்தான் அவன் செய்த கருவி இருந்தது. எண் காட்டும் சின்னக் கண்ணாடி, குடிக்கிற சூட்டுக்கு இறங்கினதும் கத்த ஒரு சின்ன மணி, வெளியே நீண்ட வயரின் நுனியில் சூடு பிடிக்கும் உருக்குக் குச்சி. வயரிங் வேலைக்காரனுக்கு அது பெரிய வித்தையில்லை. செய்யவேண்டி வந்ததற்குக் காரணம் அவனுடைய கை. வயரிங் இல்லாத நாட்களில் கல்லும் சீமெந்தும் தூக்கிக் காய்த்துப்போன கை. சூடு அதற்குத் தெரியாது. மனைவி தனுசியாவுக்கோ எட்டு மாதத்துக்கு முன் பாரிசவாதம் அடித்ததிலிருந்து வாயில் உணர்ச்சியுமில்லை, பேச்சுமில்லை. ஆறிவிட்டதென்று நம்பிப் போன மாதம் அவன் பருக்கிய தேத்தண்ணியில் அவளுடைய அண்ணத்துத் தோல் உரிந்து அவன் விரலோடு வந்தது. இன்னொருக்கால் வெந்தால் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துப் போய்விடுவாள் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

குச்சியைக் கிணற்றுத் தண்ணீர் வாளிக்குள் விட்டான். இருபத்தொன்பது. கருவியில் பிழையில்லை.

தேத்தண்ணியை வெளியே வீசிவிட்டு, வாளித் தண்ணீரை மூக்கு வைத்த அதே பித்தளைப் பேணியில் வார்த்தான். இருபத்தொன்பது. முப்பது. முப்பத்திரண்டு. அடுப்பு அணைந்து கிடந்தது. பேணியில் வெயில் படவில்லை. முப்பத்தைந்து.

முப்பத்தேழு.

தனுசியாவைத் துடைத்துவிட மத்தியானங்களில் வரும் அடுத்த வளவு அன்னப்பிள்ளை வாசலில் நின்று சிரித்தாள்.

"தண்ணிக்கும் காய்ச்சல் பாக்கிறீரோ, தம்பி?"

அவன் எண்ணைக் காட்டினான்.

"முப்பத்தேழெண்டால் காய்ச்சல் இல்லை. சுகமான மனிசற்ர சூடு." பேணியைக் கண்டதும் அவளுடைய சிரிப்பு நின்றது. "இது அப்புத்துரை அண்ணைக்குப் படைச்ச பேணியெல்லோ?"

ஓம் என்றான். தனுசியாவின் தகப்பன் அப்புத்துரை இந்த வீட்டில்தான் இருபத்தாறு நாளைக்கு முன் செத்தார். அன்றிலிருந்து, தனுசியாவின் அறையில் கட்டிலுக்கு எதிரே வைத்த அவருடைய படத்துக்கு முன்னால் அந்தப் பித்தளைப் பேணியில் தேத்தண்ணி வைத்து வந்தார்கள். அதன் மூக்கு, உதட்டில் படாமல் தனுசியாவுக்குப் பருக்க வாய்ப்பாக இருந்தது. மூன்று நாளைக்கு முன் எடுத்துவிட்டு, படத்துக்கு ஒரு கண்ணாடிக் கிளாசை வைத்தான். ஏனம் ஏனம்தானே என்று நினைத்தான்.

"முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு இன்னும் அஞ்சு நாள் கிடக்கு," என்றாள் அன்னப்பிள்ளை. "அவர் குடிச்சு முடிக்கேல்லை. நீர் எடுத்திட்டீர்."

அன்று அவள் அறைக்குள் போகவில்லை. துடைக்கிற துணியை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

சதீசன் பேணியைத் தேத்தண்ணியோடு படத்துக்கு முன் திருப்பி வைத்தான். தனுசியாவுக்குக் கிளாசில் ஊற்றினான். எண் சொன்னபடி இறங்கியது, முப்பத்தைந்து, முப்பத்துமூன்று. ஆனால் அவள் வாய் திறக்கவில்லை. கரண்டியை வைத்தான். பல்லில் தட்டி வழிந்தது. பின்னேரமும் இல்லை. அடுத்த நாள் காலையும் இல்லை. மத்தியானத்துக்குள் உதடு வெடித்து, கண் குழிக்குள் போய், தோலைக் கிள்ளினால் கிள்ளியபடியே நின்றது. அம்புலன்சுக்கு அடித்தான். கடலைக் கடந்து வரும் வேலணைத் தாம்போதியில் குறிகட்டுவான் போகிற பஸ் ஒன்று குறுக்கே பழுதாகிக் கிடக்கிறது, சுணங்கும் என்றார்கள். எவ்வளவு சுணங்கும் என்று கேட்டான். தெரியாது என்றார்கள்.

அவள் படத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். படத்தையல்ல. பேணியை.

எடுக்கக் கூடாதென்று தெரியும். எடுத்தான்.

மூக்கு கிட்டப் போகுமுன் அவளுடைய வாய் தானாகத் திறந்தது. ஒவ்வொரு மிடறுக்கும் புரையேறுகிறவள் மடமடவென்று குடித்தாள். பேணி முடிந்தது. மறுபடி நிரப்பினான். முடிந்தது. கன்னத்தில் நிறம் திரும்புகிறதா என்று பார்த்தான். திரும்பவில்லை. குச்சியை அவளுடைய கமக்கட்டுக்குள் வைத்தான்.

முப்பத்துநாலு.

வயர் கழன்றிருக்கும். அழுத்தினான். முப்பத்திரண்டு. அவள் குடித்தாள். முப்பது. காய்த்த கைக்குள் பேணி வெதுவெதுத்தது, ஒரு மனிதனின் மணிக்கட்டைப் பிடித்திருப்பதுபோல. விடப் பார்த்தான். விரல் விரியவில்லை.

"மருமோன்."

எட்டு மாதம் பேசாத வாய். தடித்த குரல். ஆம்பிளைக் குரல்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தும்."

அவன் ஊற்றினான்.

இருபத்தெட்டு. கிணற்றுத் தண்ணீரிலும் கீழே. ரோட்டில் எந்தச் சத்தமும் இல்லை. இருபத்தாறு.

ஈ ஒன்று பறந்து வந்து, திறந்திருந்த அவளுடைய கண்ணின்மேல் இருந்தது. கண் இமைக்கவில்லை. ஈ நடந்தது. தொண்டை மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.